மாலை நேரத் தொழிலும் மனம் தளராமையும்

நம் அங்கத்தினர்களின் இல்லங்களுக்குச் செல்லுங்கால் ஒரு காட்சி அடிக்கடி கண்ணில் படுகின்றது. கூடத்தின் ஒரு புறத்தில் தறி நிற்கின்றது. அதில் பாவு இல்லை. தறிக்கட்டையின் மேல் ஈரத்துணி உலர்கின்றது. விசாரித்தால், பகலில் மில் வேலைக்குப் போய்வந்து, மாலையில் சொந்தமாக நெய்யலாம் என்று வாங்கிய தறி என்பார்கள். சில மாதங்கள் ஓடியதாம். பின்பு மனம் ஓடவில்லையாம். பயிர் செய்வோரிடத்தும் இதே கதைதான். வேலைக்குப் போகும் மகன் ஆசையோடு போட்ட நாற்றங்காலில் களை மண்டிக் கிடக்கும்.

இதனை ஆரம்ப சூரத்தனம் என்று சொல்லி நகைத்துவிடுதல் எளிது. ஆனால் அந்தத் தறியை வாங்க வீட்டு நகை அடகுக்குப் போயிருக்கலாம். தறி நின்ற பிறகும் வட்டி நிற்பதில்லை. ஆதலால் வேலையை விடாமலே சொந்தத் தொழிலை வளர்க்க முயல்வோர் இடையில் தளர்வது ஏன், தளராதிருக்க வழி யாது என்பதை இவ்விதழில் சற்று விரிவாக ஆராய விரும்புகின்றோம்.

தளர்ச்சிக்கு முதற்காரணம் இரண்டு வருமானங்களின் இயல்பு வேறுபட்டிருத்தல். வேலைக்குரிய கூலி குறித்த நாளில் வந்துவிடுகின்றது. சொந்தத் தொழிலிலோ முதலில் நூலுக்கும் சாயத்துக்கும் விதைக்கும் நாம் பணம் கொடுக்கவேண்டும். சரக்கு விற்ற பின்னரே அது திரும்பும். இரண்டையும் மாதந்தோறும் அருகருகே வைத்துப் பார்ப்பவனுக்குச் சொந்தத் தொழில் வீண் வேலையாகவே தோன்றும். இரண்டாவது காரணம் உடற்களைப்பு. எட்டு மணி நேரம் நின்று உழைத்துவிட்டு வந்தவனிடம் எஞ்சியிருப்பது சிறிதளவு வலிமையே. தொடக்கத்து உற்சாகத்தில் அவன் நள்ளிரவு வரை தறியில் உட்காருகின்றான். பத்து நாளில் உடல் மறுக்கின்றது. உடல் மறுத்ததை மனம் தளர்ந்ததாக எண்ணிக் கைவிடுகின்றான்.

இந்நிலையைக் கடந்து வந்தவர்கள் உண்டா எனில், நம் கூட்டுறவு இயக்கத்தின் மூதாதையரே அத்தகையோர்தாம். இங்கிலாந்தில் ராச்டேல் என்னும் நெசவு நகரத்தில் 1844ஆம் ஆண்டு டிசம்பர் 21ஆம் நாள் தம் கடையைத் திறந்த முன்னோடிகளைப் பற்றி நம் அங்கத்தினர்கள் பலமுறை கேட்டிருப்பார்கள். அவர்களுடைய கொள்கைகளையே நாம் பெரிதும் பேசுகின்றோம். அவர்கள் பகலெல்லாம் பிறரிடம் கூலிக்கு உழைத்த நெசவாளரும் கைவினைஞரும் என்பதையும், அக்கடை அவர்களுடைய மாலை நேரத் தொழில் என்பதையும் அவ்வளவாக எண்ணிப் பார்ப்பதில்லை.

கூலி உயர்வு கேட்டுத் தோற்றுப்போன காலம் அது. ஆளுக்கு ஒரு பவுன் பங்கு என்று முடிவு செய்தார்கள். அந்த ஒரு பவுனை மொத்தமாகத் தர அவர்களால் இயலவில்லை. ஆகவே வாரம் இரண்டு பென்னி வீதம் சேர்க்கத் தொடங்கினர். அக்காலத்தில் ஒரு பவுனுக்கு 240 பென்னி. வாரம் இரண்டு பென்னி என்றால் ஒரு பங்கு முடிய 120 வாரம், அதாவது இரண்டு ஆண்டுக்கு மேல் ஆகும். பின்னர் அதனை மூன்று பென்னியாக உயர்த்தினர். இதனை அவரவர் மன உறுதிக்கே விட்டுவிடவும் இல்லை. நகரை மூன்று பகுதிகளாகப் பிரித்து, ஞாயிறுதோறும் வீடு வீடாகச் சென்று வசூலிக்க ஆட்களை நியமித்தார்கள். உற்சாகம் உள்ள வாரமும் இல்லாத வாரமும் வசூல்காரர் வாயிலில் வந்து நின்றார். இந்த ஏற்பாட்டை நம் அங்கத்தினர்கள் ஊன்றிக் கவனிக்க வேண்டும்.

28 பேர் சேர்த்த பணம் 28 பவுன். டோட் லேன் என்னும் தெருவில் ஆண்டுக்குப் பத்துப் பவுன் வாடகையில் ஒரு கிடங்கின் கீழ்த்தளத்தை எடுத்தார்கள். வெண்ணெய், சர்க்கரை, மாவு, ஓட்ஸ் மாவு, மெழுகுவத்தி ஆகியவையே முதல் நாள் சரக்கு. தெருச் சிறுவர் கூடி நின்று எள்ளி நகையாடினர். வேலைக்குப் போகும் மனிதர்கள் ஆதலால், முதலில் திங்கள், சனி ஆகிய இரு மாலைகளில் மட்டுமே கடையைத் திறந்தார்கள். நாள்தோறும் திறக்கவில்லையே என்று வருந்தவில்லை. சொன்ன இரு மாலைகளிலும் தவறாமல் திறந்தார்கள். வாடிக்கை பெருகிய பின்னரே மற்ற மாலைகளுக்கும் நேரத்தை விரித்தார்கள். கடன் விற்பனை இல்லை என்ற விதியையும் விடாது காத்தார்கள்.

அவர்களுடைய கணக்கு தரும் பாடம் இன்னும் பெரிது. 1845ஆம் ஆண்டு முடிவில் அங்கத்தினர் 74 பேர். ஓராண்டு கழித்து 80 பேர். ஓராண்டு முழுவதும் பாடுபட்டுக் கூடியது ஆறே பேர்! 1846இல் 1,146 பவுனாக இருந்த விற்பனை 1847இல் 1,924 பவுனாயிற்று. ஆனால் இலாபமோ 80 பவுனிலிருந்து 72 பவுனாகக் குறைந்தது. வேலை கூடி ஊதியம் குறைந்த அந்த ஆண்டில், இது நமக்கு ஒத்துவராது என்று அவர்கள் கதவைச் சாத்தியிருந்தால் யாரும் குறை கூறியிருக்க மாட்டார்கள். அவர்கள் சாத்தவில்லை. 1849இல் அந்நகரத்துச் சேமிப்பு வங்கி முறிந்தது. மக்கள் நம்பத்தக்க இடம் எது என்று தேடியபோது, ஐந்து ஆண்டுகளாக ஒழுங்காகக் கணக்குக் காட்டிவந்த இந்தச் சிறு கடை கண்ணில் பட்டது. 1847இல் 110 ஆக இருந்த அங்கத்தினர் தொகை 1849இல் 390 ஆகவும், 1850இல் 600 ஆகவும் உயர்ந்தது. அந்த வளர்ச்சிக்கு அடிப்படை, வளர்ச்சி கண்ணுக்குத் தெரியாத ஆண்டுகளில் அவர்கள் கடையைத் திறந்து வைத்திருந்ததேயாகும்.

நம் நாட்டிலும் சான்று இல்லாமற் போகவில்லை. சென்னைத் திருவல்லிக்கேணியில் 1904இல் நகரக் கூட்டுறவுப் பண்டகசாலை தொடங்கியபோது சேர்ந்தவர்கள் 14 பேர். மூலதனம் 310 ரூபாய். நிறுவியோருள் ஒருவரான வி. எஸ். சீனிவாச சாஸ்திரியார் அப்போது அவ்வூர் உயர்நிலைப் பள்ளியின் தலைமை ஆசிரியர். பள்ளிப் பணியையும் பார்த்துக்கொண்டே சங்கப் பணியையும் அவர் செய்துவந்தார்.

இவற்றிலிருந்து நாம் அறிவது யாதெனில், ஊக்கம் வந்த பின் உழைப்போம் என்று காத்திருப்பவனுக்கு ஊக்கம் வருவதில்லை. ஒழுங்கு முன்னே சென்றால் ஊக்கம் பின்னே வரும். அவ்வொழுங்கை நம் வீட்டளவில் அமைத்துக்கொள்ளும் முறைகளைக் கூறுவோம்.

முதலாவது, நேரத்தைச் சிறிதாகக் குறித்துக்கொள்க. நாள்தோறும் நான்கு மணி நேரம் என்று தொடங்கி முறிவதைக் காட்டிலும், வாரத்தில் நான்கு மாலை, மாலைக்கு ஒன்றரை மணி நேரம் என்று வைத்து நிறைவேற்றுதல் நன்று. வாரத்துக்கு ஆறு மணி நேரம் என்பது ஆண்டுக்கு முந்நூறு மணி நேரத்துக்கு மேல் ஆகும். ஒரு நாளேனும் முழு ஓய்வு இருக்கட்டும். மங்கிய விளக்கில் நெய்து கண்ணைக் கெடுத்துக்கொண்டால் உள்ள வேலைக்கும் ஊறு நேரும்.

இரண்டாவது, முன்னேற்றத்தைப் பணத்தால் மட்டும் அளவாதீர்கள். முதலாண்டில் பணம் மெதுவாகவே வரும். இந்த வாரம் எத்தனை மீட்டர் நெய்தோம், எத்தனை இழை அறுந்தது, எத்தனை நாற்று பிழைத்தது என்று எழுதி வையுங்கள். கை தேறுவதை அந்த எண்கள் காட்டும். நீண்ட பாவை நினைத்து மலைப்பவன், இன்றைக்கு ஒரு முந்தானை முடியட்டும் என்று எண்ணினால் மலைப்பு நீங்கும்.

மூன்றாவது, தொழிற்பணத்தையும் வீட்டுப்பணத்தையும் பிரித்து வையுங்கள். விற்ற பணத்தில் அடுத்த பாவுக்குரிய நூல் விலையை முதலில் எடுத்து வைத்த பின்னரே மீதியைத் தொடலாம். தார் சுற்றித் தரும் மனைவியின் உழைப்புக்கும் முதிய பெற்றோரின் உழைப்புக்கும் கணக்கில் கூலி எழுதுங்கள். எழுதாவிட்டால் இல்லாத இலாபம் இருப்பதாகத் தோன்றும். வீட்டாரின் மனம் கசந்தால் எந்த மாலை நேரத் தொழிலும் நிலைக்காது. பிள்ளைகளின் படிப்பு நேரத்தை இதற்கென எடுத்தல் கூடவே கூடாது.

நான்காவது, மந்த காலத்தை முன்னரே கணக்கில் வையுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் தெருவில் பாவு விரித்துக் கஞ்சி போட முடியாது. தோட்டத்திலும் பூவும் காயும் அழுகும். இது ஆண்டுதோறும் வருவது. வருமுன் அறிந்தவன், அம்மாதங்களை விழுது, அச்சு முதலியவற்றைச் செப்பனிடவும் புதிய கரை மாதிரி வரையவும் வைத்துக்கொள்வான். அறியாதவன், தன் அதிர்ஷ்டமே இப்படி என்று தறியை விட்டு எழுந்துவிடுவான்.

ஐந்தாவது, துணை தேடுங்கள். ராச்டேலின் ஞாயிற்றுக்கிழமை வசூல்காரரை நினைவு கூருங்கள். ஒரே தெருவில் இவ்விதம் முயலும் நால்வர் ஐவர் வாரம் ஒருமுறை கூடி, அவரவர் குறிப்பேட்டைப் படித்துக் காட்டட்டும். அந்த வாரம் ஒன்றும் செய்யவில்லை என்று நான்கு பேர் முன்னிலையில் சொல்ல யாருக்கும் மனம் வராது. நூலைச் சேர்ந்து வாங்கினால் விலையிலும் நயம் கிடைக்கும்.

இனி, எச்சரிக்கையாகச் சில கூறவேண்டும். பார்க்கும் வேலைக்கு ஊறு செய்து சொந்தத் தொழிலை வளர்த்தல் நேர்மையன்று. முதலாளியின் நேரத்தையும் பொருளையும் தொடலாகாது. அரசுப் பணியில் இருப்போர் விதிகளைக் கேட்டறிந்து, வேண்டிய அனுமதி பெற்ற பின்னரே தொடங்குக. ஓரிரு மாத இலாபத்தைக் கண்டு வேலையை விட்டுவிடாதீர்கள். மழைக்காலம் உட்பட ஓராண்டு முழுவதும் தொழில் தன் செலவைத் தானே தாங்கி, வீட்டுச் செலவுக்கும் ஈடு கொடுத்ததைக் கணக்கில் கண்ட பின் அதைப் பற்றி யோசிக்கலாம்.

மற்றொன்று: விடாமுயற்சி வேறு, பிடிவாதம் வேறு. ஒழுங்காக உழைத்தும் இரண்டு ஆண்டுக் கணக்கு நட்டமே காட்டுமாயின், குறை உங்கள் மனத்தில் இல்லை. சரக்கிலோ சந்தையிலோ இருக்கலாம். கரையை மாற்றலாம், பயிரை மாற்றலாம், வேண்டுமாயின் நிறுத்தவும் செய்யலாம். கணக்கைப் பார்த்து நிறுத்துபவன் தோற்றவனல்லன். அவன் கையில் மூலதனத்தின் ஒரு பகுதியும் தொழிலறிவும் மிஞ்சும். கணக்கே இல்லாமல் கைவிட்டவனுக்கு அடகுச் சீட்டு மட்டுமே மிஞ்சும்.

ஈரத்துணி உலரும் தறி வீட்டில் இருக்குமாயின், இந்த வாரமே துணியை எடுத்துக் கொடியில் போடுங்கள். ஒரு சிறு பாவுக்கு நூல் வாங்குங்கள். ஒரு குறிப்பேடு தொடங்குங்கள். மூன்று மாதம் எழுதிய பின் அதனைச் சங்கக் கூட்டத்துக்கு எடுத்து வாருங்கள். இலாபமாயினும் நட்டமாயினும் அக்கணக்கை உங்களுடன் அமர்ந்து பார்ப்பது நம் அனைவரின் கடமை.