பச்சைச் சட்டையும் சங்கிலித் தையலும்

நீங்கள் அணிந்திருக்கும் பனியனின் கீழ் மடிப்பைத் திருப்பி உட்புறத்தைப் பாருங்கள். நூல்கள் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு சங்கிலிபோல் ஓடுவது தெரியும். திருப்பூரின் பனியன் கம்பெனிகளில் நாள் முழுவதும் போடப்படும் தையல் இது. சங்கிலித் தையலைப் போடும் இயந்திரத்தை உருவாக்கியவர், பிரான்சு நாட்டின் செயின்ட் எத்தியேன் நகரில் வாழ்ந்த ஒரு தையற்காரர். அதே நகரத்தின் கால்பந்துக் குழுவோ ஐரோப்பாவெங்கும் புகழ் பெற்றது. தையலுக்கும் பந்தாட்டத்துக்கும் என்ன தொடர்பு? பார்ப்போமா?

பச்சைக் குழு

செயின்ட் எத்தியேன், நிலக்கரிக்கும் ரிப்பன் நெசவுக்கும் பேர்போன தொழில் நகரம். காசினோ என்னும் மளிகைக் கடை நிறுவனத்தின் ஊழியர்கள் 1919-இல் அங்கே விளையாட்டுக் குழு ஒன்றைத் தொடங்கினர். நிறுவனத்தின் பச்சை நிறமே சட்டையின் நிறமாயிற்று. 1933-இல் அது தொழில்முறைக் குழுவானது. அதாவது, ஆடுவதே வீரர்களின் பிழைப்பாயிற்று. 1957 முதல் 1981 வரை 10 முறை பிரெஞ்சு லீக் பட்டத்தை அக்குழு வென்றது. புகழ்பெற்ற பிளாட்டினி 1979 முதல் 1982 வரை அதில் ஆடினார்.

1976 மே 12 அன்று கிளாஸ்கோ நகரில் நடந்த ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டத்தில், ஜெர்மனியின் பேயர்ன் மியூனிக் குழுவிடம் 0-1 என்ற கணக்கில் பச்சைக் குழு தோற்றது. இருமுறை பந்து கோலின் குறுக்குச் சட்டத்தில் பட்டுத் திரும்பியது! ஆயினும் நாடு திரும்பிய வீரர்களைப் பாரிஸ் மக்கள் வெற்றி வீரர்களைப்போலவே வரவேற்றனர்.

வியர்வை செய்யும் வேலை

90 நிமிட ஆட்டத்தில் ஒரு வீரர் சுமார் 10 கிலோமீட்டர் ஓடுகிறார். தசைகள் செலவிடும் ஆற்றலில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்குதான் இயக்கமாகிறது. மீதியெல்லாம் வெப்பம்! அது வெளியேறாவிட்டால் உயிருக்கே ஆபத்து.

இங்கே உதவிக்கு வருவது வியர்வை. 1 லிட்டர் வியர்வை ஆவியாகும்போது சுமார் 580 கிலோகலோரி வெப்பத்தைக் கொண்டு செல்கிறது. 10 லிட்டர் தண்ணீரை 30 டிகிரியிலிருந்து 88 டிகிரி செல்சியஸ்வரை சூடாக்க அது போதும். ஆனால் வியர்வை ஆவியாக வேண்டும். சொட்டிக் கீழே விழுந்தால் பயனில்லை.

பருத்தி இழை வியர்வையைத் தனக்குள் உறிஞ்சி வைத்துக்கொள்ளும். சட்டை கனத்து உடலில் ஒட்டிக்கொள்ளும். பாலியெஸ்டர் இழைக்குள் நீர் புகுவது மிகக் குறைவு. எனவே, வியர்வை இழைகளின் இடைவெளிகளில் ஊர்ந்து வெளிப்புறம் பரவி, விரைவில் ஆவியாகிறது. விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவதும் இந்த நுண்புழை விளைவால்தான். பருத்தியால் வளர்ந்த திருப்பூரிலும் விளையாட்டு உடைகளுக்காக இன்று பாலியெஸ்டர் துணி பின்னப்படுவதன் காரணம் புரிகிறதல்லவா?

கண்ணிகளின் கைவண்ணம்

தறித் துணியில் பாவும் ஊடும் நேராக ஓடுகின்றன. அதனால் அது அதிகம் நீளாது. பின்னல் துணியிலோ நூல் கண்ணி கண்ணியாகக் கோக்கப்படுகிறது. இழுத்தால் கண்ணிகள் உருமாறித் துணி நீளும், விட்டால் சுருங்கும். வீரர் பாய்ந்து பந்தைத் தடுக்கும்போது சட்டை கிழியாததன் இரகசியம் இதுவே.

துணி நீண்டால் தையலும் நீள வேண்டுமே! சாதாரணத் தையல் இயந்திரத்தின் தையல் அவ்வளவாக நீளாது. பலமாக இழுத்தால் பட்டென்று அறும். சங்கிலித் தையலும் கண்ணிகளால் ஆனது. எனவே துணியோடு சேர்ந்து நீளும்.

உடைக்கப்பட்ட இயந்திரங்கள்

அந்தத் தையற்காரரின் பெயர் பார்த்தெலமி திமோனியே. கொக்கி ஊசி கொண்ட தம் இயந்திரத்துக்கு 1830-இல் காப்புரிமை பெற்றார். பாரிஸ் நகரில் சுமார் 80 இயந்திரங்கள் படைவீரர்களின் சீருடைகளைத் தைத்தன. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831-இல் புகுந்து அவற்றை உடைத்தெறிந்தனர். திமோனியே 1857-இல் வறுமையில் மாண்டார்.

அவர்களின் அச்சம் பொருளற்றதன்று. இயந்திரம் மிச்சப்படுத்தும் உழைப்பின் பயன் யாருக்குப் போய்ச் சேருகிறது என்ற கேள்வி இன்றும் இருக்கிறது. ஆனால் அன்று உடைபட்ட இயந்திரத்தின் வழிவந்தவற்றில் அமர்ந்துதான் இன்று திருப்பூரில் எண்ணற்ற குடும்பங்கள் பிழைக்கின்றன.

செய்து பாருங்கள்

ஒரே அளவுள்ள பருத்திப் பனியன் துண்டு ஒன்றும், பாலியெஸ்டர் விளையாட்டுச் சட்டைத் துண்டு ஒன்றும் எடுத்துக்கொள்ளுங்கள். இரண்டையும் நீரில் முக்கி, சொட்டு நிற்கும்வரை பிழிந்து நிழலில் தொங்கவிடுங்கள். எது முதலில் உலர்கிறது? எவ்வளவு நேரம் முந்துகிறது? மழை நாளில் ஒருமுறையும் வெயில் நாளில் ஒருமுறையும் செய்து, குறிப்பேட்டில் எழுதி ஒப்பிடுங்கள். அடுத்த முறை கால்பந்து ஆட்டம் பார்க்கும்போது, பந்தோடு வீரரின் சட்டையையும் சற்றே கவனியுங்கள்!