உங்களுக்குத் தெரியுமா? இணையத்தில் யாரை நம்பலாம், எதை வைத்து நம்பலாம்?

◆ குரோம் பிரவுசரில் தள முகவரிக்குப் பக்கத்தில் இருந்த பூட்டுப் படத்தை 2023-ல் கூகுள் எடுத்துவிட்டது. பூட்டைப் பார்த்ததுமே "இது நல்ல தளம்" என்று ஜனங்கள் முடிவு கட்டிவிடுகிறார்கள் என்பதுதான் காரணம். நீங்கள் அனுப்புவதை வழியில் யாரும் படிக்க முடியாது என்பதற்கு மட்டுமே அந்தப் பூட்டு உத்தரவாதம். எதிர்முனையில் இருப்பவர் யோக்கியரா என்பதற்கு அது பொறுப்பேற்கவே இல்லை. போலி வங்கித் தளம் நடத்துகிறவரும் சில நிமிடங்களில் அந்தப் பூட்டை வாங்கிவிடலாம்.

◆ ஒரு காலத்தில் அந்தப் பூட்டுக்கான சான்றிதழைப் பெரும்பாலும் காசு கொடுத்துத்தான் வாங்க வேண்டியிருந்தது. லெட்ஸ் என்க்ரிப்ட் என்ற லாப நோக்கமற்ற அமைப்பு 2015 டிசம்பரில் அதை எல்லோருக்கும் இலவசமாகத் திறந்துவிட்டது. மோசடிக்காரர்களுக்கும் சேர்த்துத்தான் கிடைத்தது. ஆனாலும் கிராமத்துப் பள்ளியின் தளம் வரை பாதுகாப்பு போய்ச் சேர்ந்ததே, அந்த நன்மைதான் பெரிது என்பேன்.

◆ சான்றிதழ் தரும் நிறுவனமே ஏமாந்துபோனால்? 2011-ல் அதுதான் நடந்தது. டிஜிநோட்டார் என்பது நெதர்லாந்துக் கம்பெனி. "இது உண்மையான கூகுள்தான்" என்று தளங்களுக்குச் சான்றொப்பம் போட்டுத் தருவது அதன் தொழில். அந்த வருட நடுவில் உள்ளே புகுந்த ஊடுருவல்காரர், 500-க்கும் மேற்பட்ட போலிச் சான்றிதழ்களை உருவாக்கிக்கொண்டார். அதில் ஒன்று கூகுளின் பெயரில்.

விஷயம் தெரிந்தும் கம்பெனி வெளியில் சொல்லவில்லை. ஆகஸ்ட் கடைசியில் ஈரானில் ஒருவர் ஜிமெயிலைத் திறக்கப் போக, குரோம் எச்சரிக்கை காட்டியது. அவர் அதை அலட்சியம் செய்யாமல் பொதுவெளியில் கேட்டார். நூல் பிடித்துப் போனபோது ஏறத்தாழ 3 லட்சம் இணைய இணைப்புகளின் போக்குவரத்து அந்தப் போலிச் சான்றிதழின் வழியே போயிருந்தது தெரிந்தது. அநேகமாக எல்லாம் ஈரானில். யாருடைய கடிதங்கள் படிக்கப்பட்டன, அதனால் யாருக்கு என்ன நேர்ந்தது என்று நினைக்கும்போது மனம் பதறுகிறது. செப்டம்பரிலேயே டிஜிநோட்டார் திவாலானது. ஊடுருவலைவிட, அதை மூடிமறைத்ததுதான் மன்னிக்க முடியாத குற்றம்.

◆ அந்தச் சம்பவத்துக்குப் பிறகு வந்த ஏற்பாடு இது: இணையத்தில் பொதுவாகப் புழங்கும் ஒவ்வொரு சான்றிதழும், யார் வேண்டுமானாலும் பார்க்கக்கூடிய பதிவேடுகளில் ஏற வேண்டும். ஒருமுறை எழுதினால் அழிக்க முடியாத பதிவேடுகள். புதிதாக வழங்கப்படும் சான்றிதழ் அதில் ஏறாவிட்டால் குரோம் ஏற்காது என்ற விதி 2018 ஏப்ரல் முதல் அமலில் இருக்கிறது. உங்கள் கடையின் தளப் பெயரில் வேறு யாராவது சான்றிதழ் வாங்கியிருக்கிறார்களா என்று நீங்களே தேடிப் பார்க்கலாம். காசு கிடையாது.

◆ உலக இணையத்தின் பெயர் அமைப்புக்கு ஒரு தலைமைச் சாவி உண்டு. நாம் தட்டும் முகவரிக்குக் கிடைக்கும் பதில் இடையில் மாற்றப்படாதது என்று சரிபார்க்கும் ஏற்பாடு கடைசியில் போய் நிற்பது அந்தச் சாவியிடம்தான். அது அமெரிக்காவில் 2 இடங்களில் இருக்கிறது: கலிபோர்னியாவின் எல் செகுண்டோ, வர்ஜீனியாவின் கல்பெப்பர். வருடத்துக்கு 4 முறை அதை எடுத்துப் பயன்படுத்தும் சடங்கு நடக்கிறது. சடங்கு என்றுதான் அவர்களும் அழைக்கிறார்கள்.

ஒரு பெட்டகத்தில் சாவியைச் சுமக்கும் கருவி. யாராவது அதை உடைத்துத் திறக்கப் பார்த்தால் உள்ளே இருப்பதைத் தானே அழித்துக்கொள்ளும். இன்னொரு பெட்டகத்தில் அந்தக் கருவியை இயக்கும் அட்டைகள், சின்னச் சின்ன லாக்கர்களில். லாக்கர்களின் சாவிகள் வெவ்வேறு நாட்டுத் தன்னார்வலர்களிடம். ஓர் இடத்துக்கு 7 பேர். குறைந்தது 3 பேராவது நேரில் வந்தால்தான் கருவி வேலை செய்யும். ஒவ்வொரு படியும் அச்சிட்ட தாளில் இருக்கிறது. முடித்த படிக்கு நேரம் எழுதிச் சுருக்கொப்பம் போட்ட பிறகே அடுத்தது. மொத்தமும் நேரலையில் ஓடும். வீட்டிலிருந்து நீங்களும் பார்க்கலாம்.

2020 பிப்ரவரியில் பெட்டகத்தின் பூட்டு ஒன்று மக்கர் செய்துவிட்டது. சடங்கைச் சில நாள் தள்ளிவைத்து, பூட்டைத் துளைபோட்டுத் திறந்தார்கள். அதையும் ஒளிக்காமல் அறிவித்தார்கள். டிஜிநோட்டார் செய்ததற்கு நேர்மாறு. யாரோ ஒரு மகானின் கையில் சாவியைக் கொடுத்துவிடாமல், யாராலும் தனியாக எதையும் செய்ய முடியாதபடி வேலையைப் பிரித்து, எல்லோர் கண்முன்னும் செய்கிறார்கள். இணையத்தில் நான் மனதார மதிக்கும் ஏற்பாடு இதுதான்.

◆ "90 நாளுக்கு ஒருமுறை பாஸ்வேர்டை மாற்று, பெரிய எழுத்து ஒன்று, குறி ஒன்று" என்று உயிரை எடுக்கும் விதிகளுக்கு மூலம், அமெரிக்கத் தர நிர்ணய நிறுவனத்துக்காக பில் பர் என்ற அதிகாரி 2003-ல் எழுதிய ஆவணம். ஓய்வுபெற்ற பிறகு, 2017-ல் அவரே அதற்காக வருத்தம் தெரிவித்தார். அடிக்கடி மாற்றச் சொன்னால் ஜனங்கள் கடைசி எண்ணை மட்டும் 1-லிருந்து 2 ஆக்குகிறார்கள். அதே வருடம் வந்த புதிய வழிகாட்டுதல், பாஸ்வேர்டு கசிந்ததற்கு அறிகுறி இருந்தால் மட்டும் மாற்றச் சொன்னால் போதும் என்கிறது. இங்கே பல அலுவலகங்களில் பழைய விதியே இன்னும் ஓடுகிறது.

◆ உங்கள் பாஸ்வேர்டு கசிந்த பட்டியலில் இருக்கிறதா என்று, அதை யாரிடமும் சொல்லாமலேயே தெரிந்துகொள்ள முடியும். ஆஸ்திரேலியாவின் டிராய் ஹன்ட் நடத்தும் 'ஹேவ் ஐ பீன் போன்ட்' சேவையின் வேலைமுறை இது. நீங்கள் தட்டிய பாஸ்வேர்டை உங்கள் கணினியே 40 எழுத்துக் குறியீடாக மாற்றும். அதில் முதல் 5 எழுத்து மட்டும் சர்வருக்குப் போகும். அந்த ஐந்தில் தொடங்கும் கசிந்த குறியீடுகள் அத்தனையும் திரும்பி வரும். உங்களுடையது அவற்றில் உண்டா என்று ஒப்பிடுவதும் உங்கள் கணினியே. சேவை நடத்துபவருக்குக்கூட உங்கள் பாஸ்வேர்டு தெரியாது. உங்கள் தகவலைக் கேட்கும் ஒவ்வொரு ஆப்பும் இந்த மரியாதையைத் தந்தால் எவ்வளவு நன்றாக இருக்கும்!

◆ வாட்ஸ்அப் செய்திகள் 2016 ஏப்ரல் முதல் முனைக்கு முனை பூட்டப்பட்டவை. நடுவில் இருக்கும் கம்பெனியாலும் படிக்க முடியாது. ஆனால் யாரோடு, எப்போது, எத்தனை முறை பேசினீர்கள் என்ற விவரத்துக்கு அந்தப் பூட்டு பொருந்தாது.

◆ தமிழ் எழுத்தில் நாட்டுப் பின்னொட்டு உள்ள நாடுகள் 3: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். இப்படிப் பல மொழி எழுத்துகளும் முகவரியில் வந்தது நமக்குப் பெருமை. கூடவே ஒரு சிக்கலும் வந்தது. ரஷ்ய எழுத்தில் உள்ள ஓர் 'அ', ஆங்கில 'ஏ' போலவே அச்சு அசலாக இருக்கும். 2017-ல் ஓர் ஆய்வாளர் முழுக்க ரஷ்ய வகை எழுத்துகளால் ஆப்பிள் கம்பெனியின் முகவரி போலவே தோன்றும் ஒன்றைப் பதிவு செய்து காட்டினார். கண்ணால் பார்த்து வித்தியாசம் கண்டுபிடிக்கவே முடியவில்லை. மெசேஜில் வரும் லிங்க்கைத் தொடாமல், முகவரியை நாமே தட்டிப் போக வேண்டும் என்று சொல்வது இதனால்தான்.

◆ இந்திய வங்கிகளின் தளங்கள் இப்போது டாட் பேங்க் டாட் இன் என்று முடிகின்றன. 2025 அக்டோபர் 31-க்குள் மாறிவிட வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டது. அந்தப் பின்னொட்டை வங்கி அல்லாத யாரும் வாங்க முடியாது. பதிவு செய்து தருவது ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி நிறுவனம் மட்டுமே. வீட்டில் பெரியவர்கள் இருந்தால் இந்த ஒன்றைச் சொல்லிக்கொடுங்கள்: முகவரியின் பெயர்ப் பகுதி டாட் பேங்க் டாட் இன் என்று முடிகிறதா? முடியவில்லை என்றால் மூடிவிடு.

◆ அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017 ஆகஸ்ட் 24-ல் உச்ச நீதிமன்றத்தின் 9 நீதிபதிகளும் ஒருமனதாகத் தீர்ப்பளித்தார்கள். வழக்குத் தொடுத்தவர் ஓய்வுபெற்ற நீதிபதி கே.எஸ். புட்டசாமி. மளிகைக் கடை பில்லுக்குப் போன் நம்பர் கேட்டால் "எதுக்கு?" என்று கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு.

◆ யுபிஐ-யில் பணம் வாங்க பின் நம்பர் தேவையில்லை. ஒருபோதும் தேவையில்லை. பணம் தருவதாகச் சொல்லி யாராவது பின் போடச் சொன்னால், பணம் உங்களிடமிருந்து போகப்போகிறது என்று அர்த்தம். அதேபோல 'டிஜிட்டல் கைது' என்று நம் சட்டத்தில் எதுவும் கிடையாது. எந்தப் போலீஸ்காரரும் வீடியோ காலில் உட்காரவைத்து யாரையும் கைது செய்ய முடியாது.

◆ உங்கள் தவறும் இல்லாமல், வங்கியின் தவறும் இல்லாமல் வேறு யாரோ கணக்கிலிருந்து பணம் எடுத்திருந்தால், வங்கியின் தகவல் வந்த 3 வேலை நாளுக்குள் புகார் சொன்னால் போதும், உங்களுக்கு இழப்பு இல்லை. ரிசர்வ் வங்கி 2017-லேயே போட்ட உத்தரவு இது. ஓடிபி-யை நீங்களே சொல்லியிருந்தால், புகார் செய்யும் நிமிடம் வரை போன பணம் உங்கள் இழப்புதான்.

ஆகவே ஏமாந்துவிட்டோமே என்று வெட்கப்பட்டு உட்காராதீர்கள். உடனே இணைய மோசடிப் புகாருக்கான உதவி எண் 1930-ஐ அழையுங்கள். பணம் இன்னும் ஏதாவது ஒரு வங்கிக் கணக்கில் நின்றுகொண்டிருந்தால், அங்கேயே முடக்கச் சொல்ல அவர்களால் முடியும். அந்த எண்ணை இப்போதே போனில் சேமித்துக்கொள்ளுங்கள், அம்மா அப்பா போனிலும்.