கால்சியம் ஏறும், சோடியம் இறங்கும்

போர் தண்ணீரை நம்பியிருக்கும் அடுக்ககங்களில், மோட்டார் அறைக்குப் பக்கத்தில் ஓர் உயரமான ஃபைபர் உருளையும் உப்பு கரைக்கும் தொட்டியும் நிற்கும். இந்தச் சாஃப்ட்னரைப் போட்டபின் குழாயில் வெள்ளைப் படிவு குறைகிறது, சோப்பு நுரைக்கிறது, கீசர் நீடித்து உழைக்கிறது. எல்லாம் உண்மை. ஆனால் தண்ணீரில் இருந்த உப்பெல்லாம் போய்விட்டது என்று பலர் நம்புகிறார்களே, அது சரியல்ல.

உருளைக்குள் இருப்பவை ரெசின் மணிகள். பெரும்பாலும் 1 மில்லிமீட்டருக்கும் சிறியவை. பாலிஸ்டைரீன் சங்கிலிகளை டைவினைல்பென்சீனால் குறுக்கே பிணைத்துச் செய்த வலை அது. வலை முழுக்க சல்ஃபோனேட் தொகுதிகள்; எதிர்மின்னேற்றம் கொண்ட அவை இடம்விட்டு நகராது. ஒவ்வொன்றின் அருகிலும் ஒரு சோடியம் அயனி இருக்கும். மணி தண்ணீரில் ஊறி உப்பிவிடுவதால் மேற்பரப்பில் மட்டுமல்ல, உள்ளே ஆழம் வரை மாற்றம் நடக்கிறது. இரட்டை நேர்மின்னேற்றம் கொண்ட கால்சியமும் மக்னீசியமும் வந்ததும் வலை அவற்றை இறுகப் பிடிக்கிறது. ஒரு கால்சியம் ஏறினால் இரண்டு சோடியம் இறங்கியாக வேண்டும். மின்னேற்றக் கணக்கு ஒருபோதும் பிசகாது.

மண்ணும் இதைத்தான் செய்கிறது என்று 1850-இல் இங்கிலாந்தில் தாம்சனும் வேயும் எழுதினார்கள். அயனிகளை இப்படி மாற்றும் செயற்கை ரெசினை 1935-இல் ஆடம்ஸும் ஹோம்ஸும் உருவாக்கினார்கள்.

மணிகளில் இடங்கள் நிரம்பியதும் செறிவான உப்புக்கரைசலை உள்ளே விடுகிறோம். எனக்கு இதில் மிகவும் பிடித்த பகுதி இதுதான். நீர்த்த கரைசலில் கால்சியத்தை விடாமல் பிடிக்கும் அதே ரெசின், கரைசல் செறிவாகும்போது அந்தப் பிடியைத் தளர்த்துகிறது. சோடியமும் பெருங்கூட்டமாக வந்து மோதுகிறது. கால்சியம் வெளியேறிவிடும், மணிகள் மறுபடி வேலைக்குத் தயார். போர் தண்ணீரில் இரும்பு அதிகமிருந்தால் மட்டும் சிக்கல்: அது துருவாகி மணிகளில் அப்பிக்கொள்ளும், உப்புக்கு அசையாது.

இப்போது கணக்குக்கு வருவோம். கடினத்தன்மை (கால்சியம், மக்னீசியத்தின் அளவு, கால்சியம் கார்பனேட்டாகக் கணக்கிட்டது) லிட்டருக்கு 600 மில்லிகிராம் உள்ள தண்ணீர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வேறு ஆதாரம் இல்லாதபோது இந்தியத் தரநிலை குடிநீருக்கு அனுமதிக்கும் உச்ச வரம்பு அது. 100 மில்லிகிராம் கடினத்தன்மைக்கு 46 மில்லிகிராம் சோடியம் இறங்கும். ஆக, லிட்டருக்கு 276 மில்லிகிராம். இரண்டு லிட்டர் குடித்தால் 552. ஒரு நாளைக்கு மொத்தமே 2000 மில்லிகிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். ரத்த அழுத்தம், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்கள் இருக்கும் வீட்டில் இது சின்ன விஷயமல்ல. ஓர் உப்பு போய் இன்னோர் உப்பு வருவதால், கரைந்த உப்புகளின் மொத்த அளவைக் காட்டும் டிடிஎஸ் மீட்டரை வைத்துப் பார்த்தாலும் பெரிய இறக்கம் தெரியாது.

உப்புச் செலவு இன்னொன்று. 1 லிட்டர் ரெசின் 50 கிராம் கடினத்தன்மையைப் பிடித்திருந்தால், அதை மீட்க ஏட்டுக் கணக்கில் 58.5 கிராம் உப்பு போதும். நடைமுறையில் 100 கிராமுக்கும் மேல் தேவைப்படுகிறது. மிச்ச உப்பும், பிடித்த கால்சியமும் மக்னீசியமும் கழிவுநீராக வெளியே போகின்றன. அதைத் தோட்டத்தில் விட்டால் மண் கெடும். மழைநீர்க் குழியில் விட்டால், நாளை நம் போரிலேயே ஏறும்.

சமையலறைக் குடிநீர்க் குழாயைச் சாஃப்ட்னர் இணைப்பிலிருந்து பிரித்து வையுங்கள். உங்கள் அடுக்ககத்தின் உப்புக்கழிவு எங்கே போய்ச் சேர்கிறது என்று அடுத்த சங்கக் கூட்டத்தில் கேளுங்கள்.