காண்டே என்ன விலை?

கணினி படித்தவர்களுக்கு 'நாப்சாக்' கணக்கு தெரிந்திருக்கும். பையின் கொள்ளளவு இவ்வளவுதான். அதற்குள் எவ்வளவு அதிக மதிப்புக்குப் பொருட்களை அடைக்கலாம்? பட்ஜெட்டுக்குள் கால்பந்து அணி சேர்ப்பதும் இதே கணக்குதானே என்று தோன்றும். பாதிதான் சரி.

லெஸ்டர் சிட்டியை எடுத்துக்கொள்வோம். 2012-ல் வார்டி சுமார் 10 லட்சம் பவுண்டு. 2014-ல் மஹ்ரெஸ் 5 லட்சத்துக்கும் குறைவு. 2015-ல் காண்டே சுமார் 56 லட்சம். இந்த மலிவு அணிதான் 2015-16 பிரீமியர் லீக் கோப்பையை வென்றது.

அடுத்த கோடையில் காண்டேவை செல்சீ சுமார் 3.2 கோடி பவுண்டுக்கு வாங்கியது. ஒரே வருஷத்தில் ஐந்து மடங்குக்கும் மேல்! லெஸ்டர் அதே கோடையில் கிட்டத்தட்ட 2.8 கோடி கொடுத்து ஸ்லிமானி என்ற ஸ்ட்ரைக்கரைக் கொண்டுவந்தது. மைதானத்தில் என்ன ஆச்சு? லீகில் வாங்கிய கோல்கள் 36-லிருந்து 63 ஆனது. சாம்பியன் அணி 12-வது இடத்துக்குப் போனது. 2017 பிப்ரவரியில் பயிற்சியாளர் ரனியேரிக்கு வேலை போச்சு. முந்தைய சீசனில் 10-வதாக வந்த செல்சீ சாம்பியன்.

சாம்பியன்ஸ் லீக் களைப்பு, செல்சீயின் புதுப் பயிற்சியாளர் என்று வேறு காரணங்களும் உண்டு. எல்லாத்தையும் ஒரே ஆள் தலையில் கட்ட முடியாது. ஆனால் நாப்சாக் எங்கே உதைக்கிறது என்று பாருங்கள். அங்கே ஒவ்வொரு பொருளுக்கும் தனி மதிப்பு. அணியில் அப்படியில்லை. காண்டே பந்தைப் பறித்துக்கொண்டே இருந்ததால்தான் நடுக்களத்தின் மையத்தில் இருவரை மட்டும் வைத்துச் சமாளிக்க முடிந்தது. முன்னால் இருவரை நிறுத்த முடிந்தது. அவருடைய மதிப்பில் ஒரு பங்கு வார்டியின் கோல் கணக்கில் ஏறியிருக்கு.

அதனால் ஆளை விற்கும்முன் கேட்கவேண்டிய கேள்வி ஒன்று: வரும் காசுக்கு, அவர் செய்த வேலையைச் செய்ய ஆள் கிடைக்குமா?