காலி இடம் செய்யும் வேலை

58 பாக்ஸ்-என் வேகன்கள் கோத்த சரக்கு ரயில் ஏறக்குறைய 620 மீட்டர் நீளம். மாதிரி ரயிலாக அதை 87-இல் ஒரு பங்குக்குச் சுருக்கினாலும் 7 மீட்டரைத் தாண்டுகிறது. ஆறு கஜக் காஞ்சிபுரம் பட்டுச் சேலையை முழுக்க விரித்தாலும் அந்த நீளத்துக்கு எட்டாது. காஞ்சிபுரம் ஓரிக்கையில் தறி போட்ட வீட்டில் மாதிரி ரயிலுக்கென்று ஒதுக்க முடிவது சுவரோரம் ஓர் ஆறடிப் பலகைதான். அதில் ரயிலை ஓடவிட இடமில்லை. ஆனால் வேகன்களைப் பிரித்துக் கோக்கும் நல்ல யார்டு ஒன்று அமையும்.

யார்டின் கணக்கு விசித்திரமானது. மறுமுனை மூடிய ஒரே ஒரு சைடிங் இருப்பதாக வைத்துக்கொள்வோம். ஒரு பக்கமிருந்து வரும் வேகன்களை அதற்குள் தள்ளி, வேண்டியபோது வெளியே எடுத்து மறுபக்கம் அனுப்பலாம். 1, 2, 3 என்று வருபவற்றை 3, 1, 2 என்று அனுப்பவே முடியாது. 3 முதலில் போக வேண்டுமானால் மற்ற இரண்டும் உள்ளே காத்திருக்க வேண்டும். அங்கே 1-க்கு முன்னால் 2 வழிமறித்து நிற்கும். எட்டு வேகன்களை 40,320 விதமாக வரிசைப்படுத்தலாம். இந்த சைடிங்கால் முடிபவை 1,430 மட்டுமே. கணினி அறிஞர் டொனால்ட் நூத் 1968-இல் வெளியிட்ட தன் பெருநூலின் முதல் தொகுதியில் இதே கேள்வியை அலசினார்.

இங்கிலாந்தின் ஆலன் ரைட் வகுத்த ‘இங்கிள்நுக்’ அமைப்பு இந்தத் தடையைத் தாண்டுகிறது. தடம் மாற்றும் இரண்டு பாயிண்ட்ஸ், மூன்று சைடிங். ஒன்றில் ஐந்து வேகன் கொள்ளும், மற்ற இரண்டில் மும்மூன்று. என்ஜின் வேகன்களை வெளியே இழுத்து நிறுத்தும் ஷண்டிங் நெக்கில் என்ஜினும் மூன்று வேகனும் நிற்கலாம். வேகன்கள் எட்டுதான். சீட்டுக் குலுக்கி ஐந்தைத் தேர்ந்து, வந்த வரிசையிலேயே நீண்ட சைடிங்கில் கோக்க வேண்டும். 6,720 விடைகள் உண்டு. எந்த நிலையில் தொடங்கினாலும் அவற்றில் எதையும் அடைந்துவிடலாம்.

இத்தனையும் நடப்பது மூன்று காலி இடங்களால். மூன்று சைடிங்கிலுமாக உள்ள பதினோரு இடத்திலும் வேகனை நிரப்பிப் பாருங்கள்: மூன்றை வெளியே இழுக்கலாம், இழுத்த இடத்திலேயே திரும்பத் தள்ளலாம், வேறொன்றும் செய்ய முடியாது. தண்டவாளம் இருக்கிற இடத்திலெல்லாம் வேகனை அடுக்குவது மாதிரி யார்டுகளின் அழகைக் கெடுப்பதோடு உயிரையும் எடுத்துவிடுகிறது.

தண்டையார்பேட்டை போன்ற பெரிய யார்டுகளுக்கும் இதே விதிதான். நிரம்பிய யார்டில் என்ஜின் இருந்தும் பயனில்லை. வேகன்களைப் பிரித்துக் கோக்கும் தாமதத்தைத் தவிர்க்கத்தான் 1980-களில் இந்திய ரயில்வே, புறப்பட்ட இடத்திலிருந்து சேருமிடம்வரை பிரிக்காமல் முழு ரேக்காகவே அனுப்பும் முறைக்குப் பெருமளவு மாறியது. அதனால் ஷண்டிங் என்ற அருமையான கலையைப் பலகைமேலாவது காப்பாற்றிவைப்பது நல்ல காரியம் என்றே நினைக்கிறேன்.

காஞ்சிபுரம் வழியாகப் போகும் செங்கல்பட்டு–அரக்கோணம் பாதையையே மாதிரியாக எடுப்பவர்கள் முதலில் நெக்கின் இடத்தை முடிவு செய்ய வேண்டும். அது மெயின் லைனைத் தொடாமல் தனியாக இருக்கட்டும். தொட்டால், திருமால்பூர் ரயில் கடந்து போகும்வரை ஒரு வேகனைக்கூட நகர்த்த முடியாது.