பெருவிரல் மூட்டுத் தேய்மானம்: அறுவை சிகிச்சைக்கு உரிய தருணம் எது?

சாவியைத் திருப்புதல், புட்டியின் மூடியைத் திறத்தல், ஈரத்துணியைப் பிழிதல், சப்பாத்திக்கு மாவு பிசைதல் ஆகிய அன்றாடச் செயல்கள் அனைத்திலும் பெருவிரலின் பங்கு பெரிது. ஐம்பது வயதைக் கடந்தவர்களில், குறிப்பாகப் பெண்களில், பலருக்கு இச்செயல்களின்போது பெருவிரலின் அடியில், மணிக்கட்டை ஒட்டி வலி தோன்றுகிறது. அங்குள்ள மூட்டின் குருத்தெலும்பு தேய்வதே இதற்குப் பெரும்பாலும் காரணம். வலி நீடிக்கும்போது, அறுவை சிகிச்சை செய்துகொள்ளலாமா என்ற வினா எழுகிறது. இது உயிர் காக்கும் அவசரச் சிகிச்சை அன்று. வலியைக் குறைப்பதற்காக நாமே தேர்ந்துகொள்வது. ஆகவே, ஆராய்ந்து முடிவெடுக்கப் போதிய அவகாசம் உண்டு.

தேய்வது ஏன்?

பெருவிரலின் அடி எலும்பும் மணிக்கட்டிலுள்ள டிரபீசியம் என்ற சிற்றெலும்பும் குதிரைச் சேணம் போன்ற வடிவில் பொருந்தியுள்ளன. இந்த அமைப்பினால்தான் பெருவிரல் மற்ற விரல்களை எதிர்கொண்டு தொட முடிகிறது. ஆனால், விரல் நுனியில் நாம் தரும் 1 கிலோ அழுத்தம் அடிமூட்டில் ஏறத்தாழ 12 கிலோவாகப் பெருகுகிறது. பல்லாண்டு உழைப்பில் அம்மூட்டு தேய்வது வியப்பன்று.

எக்ஸ்ரே மட்டும் போதாது

எக்ஸ்ரே படத்தைக் கொண்டு தேய்மானத்தை நான்கு நிலைகளாக மருத்துவர்கள் பிரிக்கின்றனர். எனினும் படத்தில் தெரியும் தேய்மானமும் உணரும் வலியும் எப்போதும் ஒத்துப்போவதில்லை. கடும் தேய்மானம் உள்ள சிலர் இயல்பாகப் பணிபுரிகின்றனர். சிறு தேய்மானமே உள்ள சிலர் உறக்கமின்றித் தவிக்கின்றனர். எனவே முடிவுக்கு அடிப்படையாக அமைய வேண்டியது படம் அன்று, நம் அன்றாட வாழ்வே. இரவில் வலி எழுப்புகிறதா? தொழிலோ வீட்டு வேலையோ தடைபடுகிறதா? விருப்பமான பணிகளைக் கைவிட நேர்ந்துள்ளதா? இவற்றைச் சில வாரங்கள் குறித்து வைத்து மருத்துவரிடம் காட்டுவது பயன்தரும்.

முதலில் செய்ய வேண்டியவை

மூட்டுக்கு ஓய்வு தரும் ஸ்பிளின்ட் பட்டை, கைத்தசைகளை வலுப்படுத்தும் பிசியோதெரபி, தடித்த பிடியுள்ள பேனாவும் கத்தியும், வலி நீக்கும் களிம்பு ஆகியவற்றைச் சில மாதங்கள் முறையாகப் பின்பற்றினால் பலருக்கு அறுவை சிகிச்சையே தேவைப்படுவதில்லை. ஸ்டீராய்டு ஊசி தரும் நிவாரணம் பெரும்பாலும் தற்காலிகமானது. வலி மாத்திரைகளை நெடுங்காலம் உட்கொள்வது வயிற்றையும் சிறுநீரகத்தையும் பாதிக்கக்கூடும்.

அறுவை சிகிச்சை முறைகள்

டிரபீசியம் எலும்பை அகற்றும் முறை 1949 முதல் மருத்துவ உலகம் அறிந்தது. அகற்றிய இடத்தைத் தசைநாணால் நிரப்புவது அதன் விரிவாக்கம். மூட்டை அசையாதபடி இணைப்பது மூன்றாவது முறை. பிடியின் வலிமை நிலைக்கும், அசைவு குறையும். செயற்கை மூட்டு பொருத்தினால் விரைவில் தேறலாம். ஆயினும் அது தளரவோ விலகவோ வாய்ப்புண்டு. பல ஆய்வுகளைத் தொகுத்துக் காக்ரேன் அமைப்பு 2015-இல் வெளியிட்ட மறுஆய்வு, எந்த ஒரு முறையும் மற்றவற்றைவிடத் தெளிவாகச் சிறந்தது எனக் காட்டவில்லை. எனவே, 'எனக்கு இம்முறையைப் பரிந்துரைப்பது ஏன்?' என்று கை அறுவை நிபுணரிடம் தயங்காது வினவ வேண்டும்.

எலும்பை அகற்றியபின் நான்கு முதல் ஆறு வாரங்கள் கை கட்டில் இருக்கும். இலகுவான பணிகளுக்கு ஏறத்தாழ மூன்று மாதங்களும், பிடிவலிமை திரும்ப ஆறு மாதம் முதல் ஓராண்டும் ஆகலாம். நரம்பு எரிச்சல், தொற்று, நீடிக்கும் வலி ஆகியன சிலருக்கு நேர்கின்றன.

நிதி ஏற்பாடும் கையொப்பமும்

மருத்துவக் காப்பீடு உள்ளோர் காத்திருப்புக் காலத்தைச் சரிபார்க்க வேண்டும். 2024-ஆம் ஆண்டின் ஒழுங்குமுறைப்படி, முன்பே உள்ள நோய்களுக்கு அது 36 மாதங்களுக்கு மிகலாகாது. அறுவைக்குப் பிந்தைய பிசியோதெரபிச் செலவு காப்பீட்டில் அடங்குமா என்பதையும் முன்கூட்டியே கேட்டறிதல் நன்று. தினக்கூலி பெறுவோரும் சிறுதொழில் புரிவோரும் வருமானமற்ற மூன்று மாதங்களுக்கான சேமிப்பைத் தனியே ஒதுக்கி, பணி குறைந்த பருவத்தில் சிகிச்சையை அமைத்துக்கொள்ளலாம்.

கையொப்பமிடும் கைக்கே சிகிச்சை எனில், காசோலைகளையும் புதுப்பிக்க வேண்டிய வைப்புகளையும் முன்னரே முடித்துவிடுவது நல்லது. இடையில் பணம் தேவைப்பட்டால் கிளையை அணுகுங்கள். உடல்நலக் குறைவால் கையொப்பமிட இயலாதவர், பெருவிரல் அல்லது கால்விரல் ரேகையை இட்டுப் பணம் பெற ரிசர்வ் வங்கியின் அறிவுறுத்தல்கள் வழிசெய்கின்றன. வங்கி அறிந்த இருவர் அதனை அடையாளம் காட்ட வேண்டும். அவருள் ஒருவர் பொறுப்புள்ள வங்கி அதிகாரியாக இருத்தல் வேண்டும்.

எளிய சிகிச்சைகளை முறையாக முயன்ற பின்னும் வலி வாழ்வைச் சுருக்குகிறதா, தேறும் காலத்தைத் தாங்கக் குடும்பமும் சேமிப்பும் ஆயத்தமா என்ற இரு வினாக்களுக்கும் 'ஆம்' என்று விடை வருமாயின், அதுவே உரிய தருணம்.