நுழைவுச் சீட்டின் முழு விலை

தோட்டத்துத் திடலில் வெண்திரை கட்டி இலவசமாகப் படம் காட்டிய காலத்தில் நுழைவுச் சீட்டைப் பற்றி எவரும் கவலை கொண்டதில்லை. இன்றோ, 2023 ஜனவரியில் புக்கிட் ஜாலில் தேசிய அரங்கில் நடைபெற்ற ஏ. ஆர். ரகுமான் இசை நிகழ்ச்சி போன்றவற்றுக்கு ஜாசினிலிருந்தும் அலோர் காஜாவிலிருந்தும் செல்ல விரும்புவோர் கைப்பேசி வழியாகவே சீட்டு வாங்குகின்றனர். அங்கேதான் கணக்கு பலருக்குத் தவறிவிடுகிறது.

சீட்டு ஒன்று 88 வெள்ளி என விளம்பரம் கூறுவதாகக் கொள்வோம். நால்வருக்கு 352 வெள்ளி. பணம் செலுத்தும் கடைசிப் பக்கத்திலோ, சேவைக் கட்டணம் சீட்டுக்கு 6 வெள்ளி, வங்கிக் கட்டணம் 3 வெள்ளி என்று சேர்ந்து தொகை 379 ஆகிவிடுகிறது. கூடியது 27 வெள்ளிதானே எனலாம். மாதம் 1,700 வெள்ளி குறைந்தபட்சச் சம்பளத்தில் 26 நாள் பால்மரம் சீவுபவருக்கு அது ஒரு நாள் கூலியில் ஐந்தில் இரண்டு பங்கு!

1999ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின் 12ஆம் பிரிவு, விலையைப் பற்றித் தவறான எண்ணம் உண்டாக்குவதைக் குற்றமாக்குகிறது. தனியே கட்டணம் வாங்கப்படும் ஒன்றை விலைக்குள் அடங்கியதுபோல் காட்டுவதும் அதில் சேரும். இணைய வாணிபத்திற்கென 2013 ஜூலை 1இல் நடப்புக்கு வந்த விதிகள், வரியும் பிற செலவுகளும் சேர்ந்த முழு விலையை விற்பவர் தெரிவிக்க வேண்டும் என்றன. 2024 இறுதியில் அவற்றுக்குப் பதிலாகப் புதிய விதிகள் வந்துள்ளன. இது நம் நாட்டுக்கு மட்டும் உரிய தொல்லை அன்று. அமெரிக்காவிலும் 2025 மே 12 முதல், நிகழ்ச்சிச் சீட்டுகளின் மொத்த விலையைத் தொடக்கத்திலேயே காட்டுவது கட்டாயமாயிற்று.

ஒன்றைத் தெளிவாக உணர்தல் வேண்டும். மேற்கூறிய சட்டமும் விதிகளும் சீட்டு இவ்வளவுதான் விற்கப்பட வேண்டும் என்று வரையறுக்கவில்லை. விலை மிகுதி என்பது வேறு, விலையை மறைப்பது வேறு. முன்னதற்கு நாம் வாங்காமல் இருக்கலாம். பின்னதற்கே முறையீடு உண்டு.

முறையிடும் இடம் பயனீட்டாளர் நடுவர் மன்றம். மலாயில் 'திரிபியூனல் துந்துத்தான் பெங்குனா' என்று கேட்டால் அலுவலகத்தில் உடனே விளங்கும். மனுக் கட்டணம் 5 வெள்ளி. வழக்கறிஞர் தேவையில்லை, எதிர்த்தரப்பினரும் வழக்கறிஞரைக் கொண்டு வாதாட இயலாது. 50,000 வெள்ளி வரையிலான கோரிக்கைகளை விசாரிக்க அதற்கு அதிகாரம் உண்டு. மூன்றாண்டுகளுக்குள் மனுச் செய்ய வேண்டும். விசாரணை தொடங்கிய நாளிலிருந்து இயன்றவரை 60 நாளுக்குள் தீர்ப்பு வழங்க வேண்டும் என்பது விதி.

ஆனால் ஆதாரம் வேண்டும். விளம்பரத்தையும் கடைசிப் பக்கத்தையும் கைப்பேசியில் படமெடுத்து வைத்திருங்கள், ரசீதை அழித்துவிடாதீர்கள். அரங்க வாசலில் முகம் தெரியாத ஒருவரிடம் இருமடங்கு விலைக்குச் சீட்டு வாங்கியவருக்கு ரசீதும் இராது, மனுவில் எழுத எதிர்த்தரப்பின் பெயரும் இராது.